தொழிற்சாலையில் செய்த வீடு தொழிலாளிக்கு நல்லதா? பழைய குறிப்புக்கு ஒரு மறுப்பு

போன மாசம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. அனுப்பியவர் எனக்கு அண்ணன் முறை, புதுக்கோட்டை பக்கம் ஊர். சிங்கப்பூரில் பதினேழு வருஷமாகக் கட்டுமான வேலை. முதல் பதினொரு வருஷம் சைட்டில் கம்பி கட்டுவது, கான்கிரீட் போடுவது என்று இருந்தார். அதுக்கப்புறம் ப்ரீகாஸ்ட் யார்டுக்கு மாறிட்டார். சுவர், ஸ்லாப், படிக்கட்டு எல்லாத்தையும் அச்சில் வார்த்து லாரியில் ஏற்றி அனுப்பும் இடம்.

படத்தில் இருந்தது ஒரு ஆடியோகிராம். சத்தம் அதிகமான இடத்தில் வேலை செய்கிறவர்களுக்கு அங்கே வருஷா வருஷம் காது பரிசோதனை செய்வது சட்டப்படி கட்டாயம். அந்தத் தாளைப் போட்டோ எடுத்து அனுப்பி, கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்: "தம்பி, இதுல என்னமோ கோடு போட்டிருக்கான். நீ இன்ஜினியரு, பாத்து சொல்லு."

நான் பிஇ படிச்சது கம்ப்யூட்டர் சயின்ஸ். காது டாக்டர் இல்லை. ஆனாலும் அந்தக் கோட்டைப் புரிஞ்சுக்கப் பெரிய படிப்பு வேண்டாம். 2000 ஹெர்ட்ஸ் வரை சமமாகப் போகிற கோடு 4000 ஹெர்ட்ஸ் கிட்ட ஒரு பள்ளத்தில் விழுந்து, 8000-ல் கொஞ்சம் மேலே ஏறுது. நீண்ட நாள் சத்தத்தில் இருந்து வரும் செவித்திறன் இழப்பின் வழக்கமான அடையாளம் அது. போன் பண்ணிச் சொன்னேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு, "சைட்ல இருந்தப்ப இது இல்லப்பா. பேசாம சைட்டுக்கே கேட்டுப் போயிரவா?" என்றார்.

எனக்கு உடனே பதில் வரலை. காரணம், மூணு வருஷம் முன்னாடி இதே பக்கத்தில் பிபிவிசி பற்றி ஒரு குறிப்பு எழுதியிருந்தேன். கட்டும் வேகம், கழிவு குறைவு, தரம் என்று விரிவாக எழுதிட்டு, கடைசியில் "வெயிலில் இருந்தும் உயரத்தில் இருந்தும் தொழிலாளியைக் கூரைக்குக் கீழே கொண்டு வருகிறது, ஆகவே அவனுக்கும் இதுதான் நல்லது" என்று ஒரே வரியில் முடிச்சிருந்தேன். அந்த "ஆகவே"யை நான் எங்கேயும் நிரூபிக்கலை. விற்பனைத் துண்டறிக்கைகளில் படிச்சதை அப்படியே எடுத்துப் போட்டிருக்கேன். இந்தப் பதிவு அந்த ஒரு வரிக்கான விமர்சனம்.

முதலில் பின்னணி. பிபிவிசி என்றால் அறையை முழுசாகத் தொழிற்சாலையிலேயே செய்து, டைல்ஸ், பெயின்ட், ஜன்னல், குளியலறைக் குழாய் வரை பொருத்தி, பெட்டி பெட்டியாகக் கொண்டு வந்து அடுக்குவது. ப்ரீகாஸ்ட் இதன் அண்ணன்; சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1980-களில் இருந்தே பெரிய அளவில் செய்து வருது. பிபிவிசி, அரசு விற்கும் குறிப்பிட்ட சில நிலங்களில் 2014 நவம்பரில் இருந்து கட்டாயம். 2019-ல் முடிந்த கிளமென்ட் கேனபி என்ற இரட்டைக் கோபுரம் இதற்கு அடிக்கடி காட்டப்படும் உதாரணம். 40 மாடி, 505 வீடு, 1,899 பெட்டிகள். 2017-ல் அரசு வெளியிட்ட கட்டுமானத் துறை உருமாற்றத் திட்டத்தில் இந்த மாதிரி முறைகள் 2020-க்குள் 40%, 2025-க்குள் 70% என்று இலக்கு வைத்தாங்க.

இதன் காரணத்தையும் ஒளிச்சு வைக்கலை. கட்டட, கட்டுமான ஆணையம் பிபிவிசி பற்றிச் சொல்லும்போது முதலில் சொல்வது ஆள்பலம், நேரம் இரண்டிலும் 40% வரை மிச்சம் என்பது. சைட் பாதுகாப்பு, தூசி, சத்தம் குறைவு எல்லாம் அதற்குப் பின்னால் வரும். லெவியைப் பார்த்தாலே தெரியும். 2024 ஜனவரியில் இருந்து, இந்தியா, பங்களாதேஷ் போன்ற நாடுகளில் இருந்து வரும் கூடுதல் திறன் பெற்ற கட்டுமானத் தொழிலாளிக்கு முதலாளி மாசம் கட்டும் லெவி 500 வெள்ளி; அடிப்படைத் திறன் என்றால் 900. அதே ஆள் சைட்டுக்கு வெளியே, யார்டில் வேலை செய்தால் 250, 370. ஒரு தலைக்கு மாசம் பாதியோ அதுக்கு மேலேயோ மிச்சம் ஆகும்போது யாரும் யோசிக்க மாட்டாங்க. அண்ணன் யார்டுக்கு மாறியது இந்தச் சலுகைக்கு முன்னாடி. ஆனா அவர் இனி திரும்பிப் போக நினைத்தால் இந்தக் கணக்கு குறுக்கே நிற்கும்.

சரி, நல்லதைச் சொல்லிடுறேன், இல்லைன்னா இது ஒருதலைப் பட்சமாகப் போயிடும். கட்டுமானத் தளத்தில் ஆளைக் கொல்லும் காரணங்களில் உயரத்தில் இருந்து விழுவது எல்லா நாட்டிலும் முன்வரிசையில் இருக்கும். வெளிச்சுவருக்கு சாரம் கட்டி, பத்தாவது மாடியில் நின்று பூச்சு பூசும் வேலையை, தரையில் படுக்க வைத்த அச்சில் இடுப்பு உயரத்தில் செய்தால் அந்த ஆபத்து கிட்டத்தட்ட இல்லாமல் போகுது. இதில் விவாதமே இல்லை. வெயிலும் அப்படித்தான். சிங்கப்பூர் மனிதவள அமைச்சு 2023 அக்டோபரில் கொண்டு வந்த விதிப்படி, வெப்பம், ஈரப்பதம், வெயில் எல்லாம் சேர்ந்த குறியீடு 32 டிகிரியைத் தொட்டால், கடின உடலுழைப்பில் இருப்பவர்களுக்கு மணிக்கு 10 நிமிஷமாவது ஓய்வு தரணும். கூரை இருந்தால் அந்த அளவு சீக்கிரம் வராது. கழிவறை, குடிதண்ணீர், சாப்பிட ஒரு மேசை, இதெல்லாம் தினமும் ஒரே இடத்தில் இருக்கும். அண்ணனே சொன்னார்: "சைட்ல மத்தியானம் சாப்பாட்டுப் பொட்டலத்த வச்சுக்கிட்டு எங்கயாச்சும் பிளைவுட் மேல ஒக்காந்துதான் சாப்பிடணும். இங்க ஃபேன் இருக்கு." இது சின்ன விஷயமில்லைங்க.

இவ்வளவு சரின்னா, அப்போ காது எப்படிப் போச்சு?

இதை யோசிக்கும்போது எனக்குப் பிடிபட்டது ஒரு எளிய வித்தியாசம். சைட்டில் கான்கிரீட் போடுவது ஒரு நாள் வேலை. தளம் ஒன்றுக்குப் பலகை அடிக்கணும், கம்பி கட்டணும், குழாய் பதிக்கணும், அப்புறம் ஒரு நாள் கான்கிரீட். அன்னிக்கு வைப்ரேட்டர் அலறும். மறுநாள் வேறு வேலை. யார்டில் ஒவ்வொரு அச்சும் முதலீடு. அதை ஒரு நாள்கூட சும்மா விட மாட்டாங்க. காலையில் நேத்து வார்த்ததைக் கழட்டணும், அச்சைச் சுத்தம் செய்யணும், எண்ணெய் தடவணும், கம்பிக்கூடு இறக்கணும், மத்தியானம் கான்கிரீட். தினமும் இதுதான். அதாவது சைட்டில் வாரம் பத்து நாளைக்கு ஒருமுறை வரும் சத்தம், யார்டில் தினசரி. இரும்பு அச்சின் அடியில் பொருத்திய வைப்ரேட்டர் ஓடும்போது 90 டெசிபலைத் தாண்டும். எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல் என்பது பாதுகாப்பு அளவு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் இருக்கலாம் என்ற நேரம் பாதியாகும். 88 என்றால் நாலு மணி நேரம். 91 என்றால் இரண்டு. 94 என்றால் ஒரே மணி நேரம். மேலே தகரக் கூரை, அதில் பட்டு எதிரொலி வேறு.

சிலிக்கா தூசியும் இதே கதைதான். வார்த்தெடுத்த பலகையின் ஓரத்தைத் தேய்ப்பது, பொத்தலை அடைத்து கிரைண்டர் போடுவது யார்டில் ஒரு தனி ஸ்டேஷன். அங்கே நிற்கிறவர் நாள் பூரா அதையே செய்வார். கான்கிரீட்டைத் தேய்க்கும்போது பறக்கும் படிகச் சிலிக்காவை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-லேயே முதல் பிரிவில் வைத்தாச்சு. கிரைண்டர் பிடித்த கைக்கு அதிர்வு இன்னொரு பக்கம். ஐரோப்பிய ஒன்றியம் 2002-ல் போட்ட உத்தரவில் கை அதிர்வுக்குத் தினசரி உச்ச வரம்பே உண்டு.

ஆக, ஆபத்து குறைந்தது என்று நான் எழுதியது பாதி உண்மை. திடீரென்று, எப்போதாவது, எல்லாருக்கும் தெரியும்படி நடக்கும் ஆபத்து குறைந்தது. மெதுவாக, தினமும், சத்தமில்லாமல் சேரும் ஆபத்து கூடியிருக்கலாம். (காது விஷயத்தில் "சத்தமில்லாமல்" என்று எழுதுவது கொஞ்சம் குரூரமாக இருக்கு, மன்னிக்கவும்.)

இதுக்குத் தீர்வு இல்லாமலும் இல்லை. தானே பரவி இறுகும் கான்கிரீட் என்று ஒன்று உண்டு. வைப்ரேட்டரே தேவையில்லை, ஊற்றினால் தானே மூலை முடுக்கெல்லாம் போய் நிறையும். டோக்கியோ பல்கலைக்கழகத்தின் ஹாஜிமே ஒகாமுரா 1986-ல் முன்மொழிந்து, 1988-ல் முதல் மாதிரி வந்தது. அவர் அதை யாருடைய காதுக்காகவும் செய்யலை. ஜப்பானில் வைப்ரேட்டர் பிடிக்கத் தெரிந்த ஆட்கள் குறைஞ்சு, கான்கிரீட் சரியாக இறுகாமல் கட்டடங்களின் ஆயுள் கெட்டதால் செய்தார். அமைதி என்பது உபரியாக வந்த பலன். அந்தக் கலவைக்கு ரசாயனச் செலவு கூட, மணலின் ஈரம் கொஞ்சம் மாறினாலும் கெட்டுப்போகும், அச்சின் மேல் அழுத்தமும் அதிகம். அதனால் எல்லா யார்டிலும் அது இல்லை. இருக்கும் யார்டில் வேலை செய்பவருக்கும் இல்லாத யார்டில் வேலை செய்பவருக்கும் காது விஷயத்தில் உள்ள தூரம், சைட்டுக்கும் யார்டுக்கும் உள்ள தூரத்தைவிடப் பெரிசு. "தொழிற்சாலை முறை" என்ற ஒரே பெயருக்குள் இரண்டையும் போட்டு நல்லது கெட்டது பேசுவதே முதல் தப்பு.

இரண்டாவது தப்பு எண்களைப் பற்றியது. மென்பொருள்காரனாக இதில் நான் ஏமாந்தது இன்னும் வெட்கம்.

எங்க வேலையில் ஒரு பழைய தந்திரம் உண்டு. ஒரு டீமின் பக் எண்ணிக்கையைக் குறைக்கணும்னா, பக் அதிகமான மாட்யூலை வேறு டீமுக்கு மாத்தி விட்டுடலாம். டாஷ்போர்டு பச்சையாகிடும். கட்டுமானத்தில் யாரும் வேணும்னே அப்படிச் செய்யறாங்கன்னு நான் சொல்லலை. ஆனா விளைவு அதேதான். சர்வதேசத் தொழில் வகைப்பாட்டில் கட்டடத்துக்கான கான்கிரீட் உறுப்புகளைத் தயாரிப்பது 2395 என்ற எண்ணில், உற்பத்தித் துறைக்குள் வருது. அதைக் கொண்டு போய் சைட்டில் நிறுத்துவது மட்டும் கட்டுமானம். சிங்கப்பூரின் விபத்து அறிக்கையும் கட்டுமானம், உற்பத்தி என்று தனித்தனியாகத்தான் எண்ணுது. அப்போ யார்டில் ஒருத்தர் கை நசுங்கினால், யார்டை நடத்தும் நிறுவனம் எந்த வகையில் பதிவாகியிருக்கு என்பதைப் பொறுத்து, அது கட்டுமானக் கணக்கில் வராமலே போகலாம். வேலை அதே கட்டடத்துக்கு, ஆள் அதே ஆள். கட்டம் மட்டும் வேறு.

கிளமென்ட் கேனபி விஷயத்தில் எல்லையே தாண்டிப் போகுது. அந்தப் பெட்டிகளின் கான்கிரீட் கூட்டை வார்த்தது மலேசியாவில், ஜொகூர் மாநிலத்தின் செனாயில். உள்வேலை சிங்கப்பூரில். செனாயில் ஒருத்தருக்குக் காது போனால் அது சிங்கப்பூரின் எந்த அறிக்கையிலும் வராது. சிங்கப்பூர்க் கட்டடம் மட்டும் பாதுகாப்பாகக் கட்டப்பட்டதாக இருக்கும்.

இதில் எதிர்த் திசையில் ஏமாறவும் வாய்ப்பு உண்டு. ஒரு கற்பனைக் கணக்கு. சைட்டில் 1,000 பேர். அதில் 200 பேர் உயரத்திலும் க்ரேனுக்குக் கீழேயும் வேலை செய்றாங்க, வருஷத்துக்கு 3 விபத்து. மீதி 800 பேர் டைல்ஸ், பெயின்ட், ஒயரிங், 1 விபத்து. ஆயிரத்துக்கு 4. இப்போ அந்த 800-ல் 700 பேர் யார்டுக்குப் போயாச்சு. சைட்டில் 300 பேர், அதே 3 விபத்து. ஆயிரத்துக்கு 10! யாருடைய வேலையும் ஒரு துளிகூட ஆபத்தாகலை. ஆனா விகிதம் இரண்டரை மடங்கு. சிங்கப்பூரில் கட்டுமானத் துறை மரணங்கள் 2022-ல் 14, 2023-ல் 18, 2024-ல் 20. இதைக் காட்டி "பிபிவிசி வந்தும் சாவு கூடுது" என்று சொல்றவங்க இருப்பாங்க. தப்பு. அந்த வருஷங்களில் வேலையின் அளவும் கூடியது. அந்த எண்ணில் இருந்து யார்டு முறை நல்லதா கெட்டதா என்று எதையுமே உருவ முடியாது. என் பழைய குறிப்பில் ஏதோ ஒரு வருஷத்தின் குறைந்த எண்ணைப் போட்டு முடிவுக்கு வந்ததும் இதே அளவுக்குத் தப்பு.

இதைவிட எனக்கு உறுத்துவது காலம். சாரத்தில் இருந்து விழுந்தால் அந்த வருஷமே எண்ணப்படும். காதும் நுரையீரலும் அப்படி இல்லை. சிங்கப்பூரில் தொழில்நோய்ப் பட்டியலில் காது கேளாமை முன்வரிசையில் இருக்கு என்பது உண்மைதான். பரிசோதனையும் இழப்பீடும் அங்கே இருப்பதால்தான் அதாவது தெரியுது. ஆனா சிலிக்கா நுரையீரலைப் பிடிக்கப் பத்து, இருபது வருஷம் ஆகும். அதற்குள் பெர்மிட் முடிஞ்சு ஆள் ஆலங்குடியிலோ பேராவூரணியிலோ இருப்பார். அங்கே இருக்கும் டாக்டர் பீடி குடிப்பீங்களான்னு கேட்பார். யார்டு எங்கே இருந்ததுன்னு கேட்பாரா?

இப்போ மனசு பற்றி. தொழிலாளர் நலம் என்றால் உடம்பு மட்டும் இல்லையே.

பிரிட்டனின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், இங்கிலாந்தில் 2011 முதல் 2015 வரை, கட்டுமானத்தில் திறன் குறைந்த வேலைகளில் இருந்த ஆண்களின் தற்கொலை ஆபத்து, ஆண்களின் தேசிய சராசரியைப் போல 3.7 மடங்கு. அங்கே இதற்குச் சொல்லப்படும் காரணங்கள் நமக்குத் தெரிந்தவைதான்: வேலை நிச்சயமில்லை, ஊர் ஊராகப் போகணும், வாரக் கணக்கில் வீட்டைப் பிரிந்து இருக்கணும். தொழிற்சாலை முறையை ஆதரிக்கிறவர்கள் இங்கேதான் ஒரு வலுவான வாதம் வைக்கிறாங்க. தொழிற்சாலை ஒரே இடத்தில் இருக்கும், காலையில் போய் சாயங்காலம் வீட்டுக்கு வரலாம், மாசச் சம்பளம், பிள்ளையின் ஸ்கூல் விழாவுக்குப் போகலாம். நான் இதை மனசார ஏத்துக்கறேன். ஆனா கவனிச்சுப் பார்த்தா இந்த நன்மைகள் எதுவும் அச்சில் வார்ப்பதால் வருவதில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போக முடிவதால் வருது.

அண்ணன் சாயங்காலம் எங்கே போறார்? தங்கும் விடுதிக்கு. 2020-ல் கொரோனா அந்த விடுதிகளுக்குள் புகுந்தபோது, அந்த வருஷக் கடைசிக்குள் விடுதிவாசிகளில் 47% பேருக்குத் தொற்று வந்து போயிருந்தது. யார்டுக்காரர், சைட்டுக்காரர் என்று வைரஸ் பிரிச்சுப் பார்க்கலை. 2021-ல் வந்த புதிய விதிப்படி புதுசாகக் கட்டும் விடுதிகளில் ஒரு அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாது. அது முன்னேற்றம்தான், அந்த முன்னேற்றத்தைக் கொண்டு வந்தது தொற்றுநோய். யார்டுக்குப் போக வர லாரியின் பின்பக்கம்தான். 2021 ஏப்ரலில் தீவு விரைவுச்சாலையில் அப்படிப் போன லாரி மோதி இரண்டு பேர் இறந்தப்போ நடந்த விவாதம் இன்னும் முடியலை. பெர்மிட் முதலாளியின் கையில். வாரம் ஆறு நாள் வேலை, வருஷத்துக்கு ஒருமுறையோ இரண்டு வருஷத்துக்கு ஒருமுறையோ ஊர். இதில் எதையுமே கூரை மாத்தலை. பிரிட்டனில் அந்த முறை தரக்கூடிய நல்லதை எடுத்து, சிங்கப்பூரில் அந்த முறை தருவதாக நாம எழுதிக்கிட்டு இருக்கோம்.

பிரிட்டனிலும் அந்த நல்லது நீடிச்சதான்னு பாக்கணும். 2016-ல் மார்க் ஃபார்மர் என்பவர் அரசுக்காக எழுதிய அறிக்கையின் தலைப்பே "நவீனமாகு, இல்லையேல் செத்துப் போ" என்ற ரீதியில் இருக்கும். ஆட்கள் வயசாகிப் போறாங்க, இளைஞர்கள் வரலை, தொழிற்சாலை முறைக்கு மாறினால்தான் பிழைக்கலாம் என்பது அதன் சாரம். அதுக்கப்புறம் பெரிய முதலீடுகள் வந்தன. 2023 மே மாசம் லீகல் அண்ட் ஜெனரல் நிறுவனம் வட யார்க்‌ஷயரில் இருந்த தன் வீட்டுத் தொழிற்சாலையில் புதிய உற்பத்தியை நிறுத்திடுச்சு. ஜூன் கடைசியில் அதே வட்டாரத்தில் இருந்த இல்கே ஹோம்ஸ் திவாலானது. 1,000 பேருக்கு மேல் வேலை போச்சு. வழக்கமான கட்டுமானத்தில் ஆர்டர் குறைஞ்சா கொத்தனார் வேறு மேஸ்திரியிடம் போவார். தொழிற்சாலையில் ஆர்டர் குறைஞ்சா கதவையே மூடணும், ஏன்னா வாடகையும் இயந்திரக் கடனும் காத்திருக்காது. கட்டுமானம் ஏறி இறங்கும் தொழில், தொழிற்சாலைக்கு வேண்டியது ஒரே சீரான ஆர்டர். நிரந்தர வேலை என்று சொல்லிக் கூப்பிட்டவர்களை ஒரே நாளில் வெளியே அனுப்பும் ஆபத்து இந்த முறையின் உள்ளேயே இருக்கு.

வேலையின் ருசி பற்றியும் அண்ணனிடம் கேட்டேன். நான் எதிர்பார்த்தது "சைட்டுல ஒரு கட்டடம் எழும்பறத பாக்கலாம், அந்தத் திருப்தி இங்க இல்ல" மாதிரி ஏதாவது. அவர் அப்படிச் சொல்லலை. "கட்டடம் எழும்பறதப் பாத்து என்னப்பா ஆகப்போவுது, சம்பளம் எழும்புனா சரி" என்றார். கைவினைப் பெருமை பேசுவது பெரும்பாலும் கையில் கரணை பிடிக்காதவர்கள்தான், என்னையும் சேர்த்து. ஆனா கொஞ்சம் கழிச்சு வேற ஒண்ணு சொன்னார். சைட்டில் ஒரு வேலையை எப்ப ஆரம்பிக்கணும், எந்தப் பக்கம் இருந்து கட்டிட்டு வரணும் என்பதை அவங்க நாலு பேர் பேசி முடிவு பண்ணுவாங்களாம். யார்டில் மத்தியானம் ரெண்டு மணிக்கு மிக்ஸர் வரும், அதுக்குள்ள கூடு இறங்கியிருக்கணும். "மிஷின்தான் மேஸ்திரி." ராபர்ட் கராசெக் என்ற சமூகவியலாளர் 1979-ல் இதைத்தான் ஒரு மாதிரியாக எழுதினார்: வேலை பளு அதிகமாக இருப்பது மட்டும் ஆளை உடைப்பதில்லை, பளு அதிகம், முடிவெடுக்கும் உரிமை குறைவு என்று இரண்டும் சேரும்போது உடையுது. வேகமும் பளுவும் கூடின இடத்தில் பேசி முடிவெடுக்கும் வழி குறைந்தது என்றால், ஃபேன் இருந்தும் ஆள் சோர்ந்து போவது புரிஞ்சுக்கக் கூடியதே.

நம்ம ஊருக்கு இது வராத விஷயம் என்று நினைக்க வேண்டாம். சென்னை பெரும்பாக்கத்தில் ஒன்றிய அரசின் கலங்கரை விளக்கத் திட்டத்தில் ப்ரீகாஸ்ட் முறையில் கட்டிய 1,152 வீடுகளை 2022 மே மாசம் பிரதமர் திறந்து வைத்தார். மெட்ரோ வேலைக்கான காஸ்டிங் யார்டுகளை நகரைச் சுற்றிப் பார்க்கலாம். இங்கே கட்டம் மாறுவதற்கு வேறு ஒரு அர்த்தம் உண்டு. 1996-ல் வந்த கட்டடத் தொழிலாளர் சட்டம், கட்டுமான வேலை என்றால் என்ன என்று வரையறுக்கும்போதே, 1948-ன் தொழிற்சாலைகள் சட்டம் பொருந்தும் வேலையை அதில் இருந்து விலக்கி வைத்தது. அதாவது தொழிற்சாலைக்குள் போனால் நீங்க கட்டடத் தொழிலாளி இல்லை. தமிழ்நாட்டில் 1994-ல் இருந்து கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் இருக்கு. பிள்ளைகள் படிப்புக்கு, கல்யாணத்துக்கு, பிரசவத்துக்கு உதவி, 60 வயசுக்கு மேல் ஓய்வூதியம், எல்லாம் அந்த அட்டையை நம்பித்தான். தொழிற்சாலை ஒழுங்காகப் பதிவு செய்து பிஎஃப், இஎஸ்ஐ கட்டினால் அதுவே மேல், சந்தேகமில்லை. ஒப்பந்தக்காரர் மூலமாக ஆறு மாசத்துக்கு ஆள் எடுத்து அதைக் கட்டாமல் விட்டால் இரண்டு பக்கமும் இல்லாமல் நிற்கணும்.

அப்புறம் சித்தாள்கள். சிங்கப்பூர் யார்டு பற்றி இவ்வளவு பேசியதில் ஒரு பெண்கூட வரலை என்பதைக் கவனிச்சிருப்பீங்க. நம்ம ஊர்க் கட்டடத்தில் கலவைச் சட்டியும் செங்கல்லும் பெண்கள் தலையில்தான் ஏறுது. தொழிற்சாலை முறை முதலில் ஒழிப்பது இந்தச் சுமையைத்தான். ஒழியட்டும், கழுத்தும் முதுகும் தப்பிக்கும். ஆனா அந்தச் சுமையோடு சேர்த்து அந்தக் கூலியும் ஒழியுது. யார்டில் அச்சு கழட்டவும் க்ரேனுக்கு சிக்னல் கொடுக்கவும் அந்தப் பெண்ணை எடுப்பாங்களா, பயிற்சி கொடுப்பாங்களா என்ற கேள்வியைக் கேட்காமல் "தொழிலாளிக்கு நல்லது" என்று எழுதினால், எந்தத் தொழிலாளி என்று யாராவது கேட்கணும். என்னை யாரும் கேட்கலை.

பழைய குறிப்பை அழிக்கலை. அந்த வரிக்குக் கீழே இந்தப் பதிவின் சுட்டியைக் கொடுத்திருக்கேன்.

அண்ணனுக்கு நான் சொன்ன பதில் இதுதான். சைட்டுக்குத் திரும்பறது உங்க கையில இல்ல, லெவி கணக்கு அப்படி; வயசும் 46, சாரத்துல ஏறற வயசும் இல்ல. இந்தத் தாளையும் போன வருஷத் தாளையும், அதுக்கு முந்தியது கிடைச்சா அதையும் வாங்கி எனக்கு அனுப்புங்க, நான் பத்திரமா வச்சுக்கறேன். இழப்பீடு கேக்கணும்னா அதுதான் ஆதாரம். அச்சு கழட்டற பக்கம் மாத்தி விடச் சொல்லி சூப்பர்வைசர்கிட்ட கேளுங்க, அங்க சுத்தியல் சத்தம் இருக்கும், ஆனா வைப்ரேட்டர் கிட்ட நிக்கறத விடக் குறைச்சல். காதுல வைக்கற பஞ்சு மாதிரி அடைப்பான உருட்டி உள்ள முழுசா விடணும், சும்மா ஓரத்துல சொருகினா பிரயோஜனம் இல்ல.

"அத வச்சா க்ரேன்காரன் கத்தறது கேக்காதுப்பா" என்றார்.

அது நான் யோசிக்காத விஷயம். யார்டில் தலைக்கு மேல் போகும் சுமையில் இருந்து தப்பிக்க அவர் நம்புவது அந்தக் காதைத்தான். சைகை விளக்கு, கை சிக்னல் எல்லாம் இருக்கான்னு கேட்டேன். இருக்காம். "ஆனா எல்லாரும் கத்தித்தான் பழக்கம்." அதையும் சூப்பர்வைசர்கிட்ட சேர்த்துக் கேக்கச் சொல்லியிருக்கேன். இதுவரை பதில் வரலை. வந்தா இங்கேயே எழுதறேன்.